பரம்பரைச் சின்னம் என்ன விலை?

குடும்பப் பெயரைத் தட்டினால் போதும், கேடயம், சிங்கம், கிரீடம் எல்லாம் போட்டு "இதுதான் உங்கள் பரம்பரைச் சின்னம்" என்று ஃபிரேம் செய்து அனுப்பும் கடைகள் நெட்டில் நிறைய உண்டு. அமெரிக்கா, சிலி என்று குடியேறிய குரோஷியர்களின் பேரன் பேத்திகளுக்கும் தனிச் சரக்கு வைத்திருக்கிறார்கள்.

சுத்த ஏமாற்று வேலைங்க இது!

அரசர் சின்னம் கொடுத்தது ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், பெயருக்கு அல்ல. காமர்ஸ் பாஷையில் சொன்னால், பங்குப் பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தால் அதே பெயர் கொண்ட எல்லோருக்குமா டிவிடெண்ட் வரும்?

குரோஷியாவில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் ஹொர்வாட். அர்த்தமே 'குரோஷியர்' என்பதுதான். இடம் பெயர்ந்து போனவர்களை அக்கம்பக்கத்தார் அப்படிக் கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. கோவாச்சிச் என்றால் கொல்லன் மகன். கொல்லன் இல்லாத ஊர் எது? இத்தனை பேருக்கும் ஒரே சிங்கமா?

இந்த வியாபாரம் புதுசும் இல்லை. 16ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் கடற்படையில் இருந்த பெட்டார் ஒஹ்முச்செவிச், தன்னைப் பிரபு என்று நிரூபிக்கப் போலி வம்சாவளியே தயார் செய்தவர். அவராவது பதவிக்காகச் செய்தார். நாம் வரவேற்பறைச் சுவருக்காகவா?

கூடவே இன்னொரு கட்டுக்கதை: எல்லிஸ் தீவு கிளார்க் பெயரை மாற்றிவிட்டாராம். அங்கே அதிகாரிகள் கப்பல் பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். அந்தப் பட்டியல் கப்பல் கிளம்புமுன்பே எழுதப்பட்டது. 'இச்' என்று முடியும் பெயர்களின் கடைசியில் 'ஹெச்' எழுத்து வருவதும் அமெரிக்கச் சரக்கு மட்டுமல்ல. வெனிஸ் ஆண்ட டால்மேஷியக் கடற்கரையில் இத்தாலிய முறையில் ஏற்கனவே அப்படித்தான் எழுதினார்கள்.

நிஜக் கதை வேறு. 1891ல் ஆஸ்திரியா-ஹங்கேரி இத்தாலியோடு செய்த ஒப்பந்தத்தால் மலிவான இத்தாலிய ஒயின் உள்ளே வந்தது. அதே 1890களில் ஃபிலாக்செரா பூச்சி டால்மேஷியாவின் திராட்சைக் கொடிகளைத் தின்ன ஆரம்பித்தது. பிழைக்க வழியில்லாமல் ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். 2022ல் சிலி அதிபரான காப்ரியேல் போரிச்சின் முன்னோர்களும் குரோஷியாவின் உக்லியான் தீவிலிருந்து போனவர்கள்தான்.

கொடி பட்டுப்போய் ஊரை விட்ட தாத்தாவின் தலையில் இல்லாத கிரீடத்தை வைப்பது மரியாதையா? அவர் உழைப்பை அழித்துவிட்டு அங்கே ஒரு பிரபுவை உட்கார வைக்கிறீர்கள். அந்தக் காசுக்கு அவர் ஊர் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்க. சிங்கம் கிடைக்காது, ஆனால் தாத்தா கிடைப்பார்.