நாட்டு விதைக்கு நோய் வராதாமே!

"நாட்டு விதைக்கு நோய் வராது." அருப்புக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் உழவர் மேடை எதில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று சிலர் கங்கணம் கட்டியிருக்கிறார்கள். பல வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிவகாசிக் காலண்டர் அட்டையில் அச்சாகாததுதான் பாக்கி. கூடவே ஒரு வால்: "பயிரில் ஜீனைத் தேடுவதெல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி."

முதலில் வால். ஜீன் எங்கே இருக்கிறது என்று தேடுவது வேறு, அதை மாற்றுவது வேறு. மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் மரபணு மாற்று ரகத்தை வணிகமாகப் பயிரிட இந்தியாவில் அனுமதியே இல்லை.

அது போகட்டும், "நாட்டு மக்காச்சோளம்" என்கிறார்களே, எந்த நாடு? அது பிறந்தது மெக்சிகோவில்!

இனி நோய். 2011இல் கென்யாவின் போமெட் பகுதியில் மக்காச்சோளம் வயல் வயலாகக் காய்ந்து மடிந்தது. இலைப்பேன் கொண்டுவந்த ஒரு வைரஸும் அசுவினி பரப்பும் கரும்புத் தேமல் வைரஸும் ஒரே செடியில் கூடியதால் வந்த வினை. சில வருஷத்தில் தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியா என்று பரவியது. கம்பெனி ஒட்டுவிதையும் விழுந்தது, வீட்டில் எடுத்துவைத்த விதையும் விழுந்தது. வைரஸ் விதையின் ஜாதகம் பார்ப்பதில்லை. சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையம் கென்ய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து 2013இல் நைவாஷாவில் தனி வயல் போட்டு, வேண்டுமென்றே நோயை ஏற்றி ஒவ்வொரு ரகமாகச் சோதித்தது. பெரும்பாலானவை தேறவில்லை. தாங்கி நின்றவற்றில் ஒன்று தாய்லாந்திலிருந்து வந்த கேஎஸ்23. அதை நோய்க்கு விழும் செடியோடு கலந்து, வந்த வாரிசுகளில் எவை பிழைத்தன, பிழைத்தவை எல்லாவற்றிலும் எந்தக் குரோமோசோம் துண்டு இருந்தது என்று தேடினார்கள். ஆறாவது குரோமோசோமில் ஓரிடம் அகப்பட்டது. மேடையில் திட்டு வாங்கும் ஜீன் வரைபடம் இதுதான். இது கையில் இருந்தால் நாற்றிலேயே இலையைக் கிள்ளிச் சோதித்து, அந்தத் துண்டு உள்ள செடியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளூர் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்கலாம். மகரந்தம் தூவும் பழைய வேலைதான்.

பஞ்சகவ்யம் போதும் என்பார்கள். செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் தெளிப்பு எதுவும் கிடையாது, கடை மருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நோய்ச்செடியைப் பிடுங்கி எறி என்பார்கள். எறியலாம், ஆனால் பிடுங்க ஆள் வேண்டுமே. பட்டாசு ஆலைக்குப் போன ஆளை யார் கூப்பிட்டு வருவது?

கென்யா தூரம் என்றால், திருச்சுழிக் கரிசலில் உளுந்து மஞ்சள் தேமலில் வெளுப்பதைப் பார்க்காத சம்சாரி உண்டா? வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரஸைத் தாங்குவதற்கென்றே புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் வம்பன் 8 ரகத்தைத் தந்தது. கம்பெனிச் சரக்கல்ல, அரசு மையத்தில் கலப்பு செய்து எடுத்த ரகம்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால், எந்த ரகம், எந்த நோய், யார் வயல் என்று எழுந்து கேளுங்கள்.