முதலில் லென்ஸ், பிறகு கேமரா

எங்கள் பெரியப்பா கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் பெங்களூருக்குக் குடிவந்தார். அவருடைய எண்பதாவது பிறந்தநாளை அல்சூரில் ஒரு மண்டபத்தில் கொண்டாடினோம். அன்று இரவு, முதன்முதலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நாளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். என் மகன் தன் புதிய மிரர்லெஸ் கேமராவில் அதைப் பதிவு செய்தான். விலை உயர்ந்த கேமராதான். வீட்டில் போட்டுப் பார்த்தால், முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடின. பேச்சை நாதஸ்வரமும் மண்டபத்தின் எதிரொலியும் விழுங்கியிருந்தன. ஐந்தாம் மாதம் பெரியப்பா மறைந்தார். அந்தக் கதையை இனி யாரிடம் கேட்பது?

குற்றம் கேமராவுடையது அன்று, எங்களுடையது. கேமராவுக்கே பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு, அதனுடன் வந்த சாதாரண ஜூம் லென்சோடு திருப்தியடைந்தோம். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்!

லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா 2008இல் பானாசோனிக் நிறுவனத்தின் வழியாக முதலில் சந்தைக்கு வந்தது. இன்று நடுத்தர விலைக் கேமராக்களே முகத்தையும் கண்ணையும் தொடர்ந்து பிடித்து, தெளிவாக வீடியோ எடுக்கின்றன. ஆகவே மிச்சப்படும் பணத்தை லென்சில் போடுங்கள் என்பதே என் கருத்து.

நாம் எங்கே படம் எடுக்கிறோம்? பட்டிமன்றம், திருமணம், பிள்ளைகளின் நடன அரங்கேற்றம். பெரும்பாலும் இரவு, மங்கிய மண்டபம். அங்கே எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்சைப்போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கு, ஜூம் முழுவதும் எஃப் 2.8 தரும் லென்சுகள் உண்டு. சிக்மா 18–50 ஏறக்குறைய 300 கிராம்தான். ஆனால் கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி அதில் இல்லை. டாம்ரான் 17–70இல் அது உண்டு. எடை 500 கிராமைத் தாண்டும். எதுவானாலும் உங்கள் கேமராவின் மவுண்டுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். ரங்கன்திட்டுப் பறவைகளை எடுப்பவர்களுக்கு நீண்ட ஜூம் தேவைதான். அங்கே பகல் வெளிச்சம் இருக்கிறது. ஆனால் அதே லென்சை மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இன்னும் இரண்டு செய்திகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீடியோவை நொடிக்கு 25 பிரேம், ஷட்டரை 1/50 என்று வைத்தால் விளக்குகளால் வரும் பட்டைகள் பெரும்பாலும் மறையும். அடுத்து, வெளி மைக் பொருத்தும் துளை இல்லாத கேமராவை வாங்காதீர்கள். சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்று போதும்; பேசுபவரின் குரல் காப்பாற்றப்படும்.

"கைப்பேசியே போதுமே" என்பவர்களுக்கு: பகலில், பக்கத்தில் போதும். பத்தாவது வரிசையிலிருந்து மேடையை எடுத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். நம் நகரில் கேமராவும் லென்சும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு விழாவில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள், ஒரு சுருளில் 36 படம் என்றிருந்த ஃபிலிம் காலத்திலேயே உலகப் புகழ் பெற்றார். ஒளியறிந்து காத்திருக்கும் பொறுமையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அன்பர்களே, நல்ல லென்சும் மைக்கும் கைக்கு வந்ததும் விழாவுக்காகக் காத்திராதீர்கள். இந்த ஞாயிறே வீட்டுப் பெரியவரைச் சன்னலோரம் அமர்த்திப் பேசச் சொல்லுங்கள். எங்களுக்குத் தவறியது உங்களுக்காவது கிடைக்கட்டும்.