சர்க்கரையில்லாப் பானம் யாருக்கு?

திருமண வீட்டிலும் புதுமனை புகுவிழாவிலும் விருந்தினர்க்குப் பானம் வழங்கும்போது, “இது சர்க்கரை இல்லாதது, நோயாளிகளும் அருந்தலாம்” என்று தனியே ஒரு புட்டியை நீட்டும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. காட்டூரிலிருந்து திருவெறும்பூர் செல்லும் தஞ்சைச் சாலைக் கடைகளிலும் இப்பானங்கள் விற்கப்படுகின்றன. அன்பினால் செய்யும் உபசாரமே இது. ஆயினும், நோயாளி என்னும் ஒரே சொல்லில் அனைவரையும் அடக்கிவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

சர்க்கரைக்குப் பதிலாக இவற்றில் சேர்க்கப்படுபவை செயற்கை இனிப்புகள். 1879-இல் சாக்கரினும் 1965-இல் அஸ்பார்டேமும் கண்டறியப்பட்டன. இரண்டுமே, வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலார் தற்செயலாகக் கையை நாவில் வைத்ததால் வெளிப்பட்டவை! அஸ்பார்டேம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்புடையது. ஆகவே சிறிதளவே போதும். இரத்தத்தில் சர்க்கரையும் ஏறுவதில்லை. நீரிழிவுடையோர்க்கு, சர்க்கரைப் பானத்தைவிட இது மேலென்பதில் ஐயமில்லை. (இதனை அருந்திய தைரியத்தில் இரண்டு லட்டுகளைக் கூடுதலாக உண்போரை என்ன சொல்வது?)

ஆனால் அதே நீரிழிவுக்காரர், இன்சுலின் போட்டுக்கொண்டு உணவு தாமதமாகிவிட்ட வேளையில், வியர்த்து, கைநடுங்கித் தடுமாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அறிகுறி அது. அப்போது அவருக்கு வேண்டியது 15 கிராம் அளவு மெய்யான சர்க்கரை. அதாவது, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர். “சர்க்கரை நோயாளியாயிற்றே” என்று பதறிச் சர்க்கரையில்லாப் பானத்தைப் புகட்டினால் எள்ளளவும் பயனில்லை. பொன்னான நிமிடங்களே வீணாகும். நினைவிழந்தவர்க்கோ வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்னொரு சாராரைப் பற்றி நம் இல்லங்களில் அறிந்தோர் மிகச் சிலரே. பினைல்கீட்டோனூரியா என்பது பிறவியிலேயே அமையும் அரிய குறை. 1934-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் இதனைக் கண்டறிந்தார். புரதத்திலுள்ள பினைலலனைன் என்னும் பொருளைச் சிதைக்க இக்குழந்தைகளின் உடலால் இயலாது. அது இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். ஆகவே பால், முட்டை, பருப்பு, இறைச்சி ஆகியவற்றை விலக்கியோ அளந்தோதான் பெற்றோர் உணவூட்டுகின்றனர். அஸ்பார்டேமின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது இந்தப் பினைலலனைனே. நீரிழிவு முதியவர்க்கு ஆகாத சர்க்கரைப் பானம் இக்குழந்தைக்கு ஊறு செய்யாது. முதியவர்க்கு ஏற்ற பானமோ இக்குழந்தைக்குக் கேடாகும். தாய் வேண்டாமென்று தடுக்கையில், “ஒரு வாய்தானே” என்று உறவினர் வற்புறுத்துவது எத்துணைக் கொடுமை!

சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு எவ்வகைப் பானமாயினும் நீரின் அளவே முதற்கேள்வி. கருநிறக் கோலா பானங்களிலுள்ள பாஸ்பாரிக் அமிலமும் அவர்க்கு ஆகாது. சர்க்கரையை நீக்கியதால் அது நீங்கிவிடுவதில்லை.

2023-இல் அஸ்பார்டேமைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயப்பட்டியலில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வமைப்பு சேர்த்தபோது பலர் அஞ்சினர். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை வல்லுநர் குழு அப்போதும் மாற்றவில்லை. எனினும் உடல் மெலிவதற்காக இவ்வினிப்புகளை நாடவேண்டாமென அந்நிறுவனமே அவ்வாண்டில் அறிவுறுத்தியது.

அஸ்பார்டேம் கலந்த பானத்தில், பினைல்கீட்டோனூரியா உடையோர்க்கு ஆகாது என்று அச்சிடவேண்டுமென்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் சட்டத்திற்குப் போதும். தமிழில் அச்சிடுவது கட்டாயமன்று. யார் படித்தாக வேண்டுமோ அந்தப் பாட்டிமார்க்கு அது எட்டாத எழுத்தாகவே நிற்கிறது. தமிழிலும் அச்சிடச் செய்வது அரசின் கடமையென்று நாம் கருதுகிறோம். அதுவரை, பள்ளி செல்லும் பிள்ளையை அழைத்துச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பெயருக்குப் பதிலாக எண் இருப்பதும் உண்டு: 951 என்றால் அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ்.