கடவுளுக்குத் தாய் உண்டோ?

"கடவுளுக்குத் தொடக்கமே இல்லையே, அவருக்குத் தாய் எங்ஙனம் இருக்கக்கூடும்?" செங்கற்பட்டிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடலோர ஊர்களிலும், பிற சபைகளைச் சார்ந்த உறவினரும் அயலாரும் நம்மவரிடம் எழுப்பும் வினா இது. வினவுவோரும் கிறிஸ்துவை நேசிப்பவர்களே. ஆகவே, சினங்கொள்ளாது விடையளித்தல் நம் கடமை.

வினா புதியதன்று. 428-ஆம் ஆண்டில் கான்ஸ்தாந்திநோபிளின் ஆயரான நெஸ்தோரியார், மரியன்னையைக் 'கிறிஸ்துவின் தாய்' என அழைப்பதே தகும் என்றார். அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித சிறில் அதனை மறுத்தார். நம்மைப் பெற்ற அன்னை நமக்கு ஆன்மாவைத் தரவில்லை. அதனைப் படைப்பவர் இறைவன். எனினும், அவரை 'என் உடலுக்கு மட்டும் தாய்' என்று எவரேனும் சொல்வதுண்டோ? தாய் பெற்றெடுப்பது முழு மனிதரையே. அவ்வாறே மரியன்னை இறைத்தன்மையைத் தோற்றுவிக்கவில்லை. ஆயினும் அவரிடம் மனிதராய்ப் பிறந்தவர் இறைமகனே. 431-இல் எபேசுப் பொதுச்சங்கம் 'கடவுளின் தாய்' என்னும் பெயரை உறுதிசெய்தது. அன்னைக்குரிய இப்பெயர், மகன் யார் என்பதையே பறைசாற்றுகிறது.

இவ்வாதம் நம் நாட்டையும் தொட்டது. கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள், நெஸ்தோரியாரைப் போற்றிய பாரசீகத் திருச்சபையோடு உறவு கொண்டிருந்தனர். 1599-இல் போர்த்துக்கீசியப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், நெஸ்தோரியாரின் பெயரை வழிபாட்டினின்று நீக்கியது. சுரியானி நூல்கள் பல தீக்கிரையாயின. உண்மையைக் காக்க எழுந்த ஆர்வம், அன்பை மறந்ததால் ஆறாத புண்ணை விளைவித்தது. 1653-இல் கூனன் சிலுவையருகே மக்கள் பிரிவினைச் சத்தியம் செய்தனர்.

அப்புண்ணுக்கு மருந்தும் பிறந்தது. 1994 நவம்பர் 11 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் கீழைத் திருச்சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் பொது அறிக்கையொன்றில் கையொப்பமிட்டனர். 'கடவுளின் தாய்' என நாம் வேண்டுவதும், 'நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்' என அவர்கள் வேண்டுவதும் ஒரே விசுவாசத்தின் இரு மொழிகள் என ஏற்றனர்.

நம் பரங்கிமலைக்குச் செல்வோர் இதனைக் கண்ணாலும் காணலாம். 1547-இல் மண்ணினின்று வெளிப்பட்ட, பாரசீகப் பகலவி எழுத்துக்கள் பொறித்த கற்சிலுவை, மகவுக்காகக் காத்திருக்கும் அன்னையின் ஆலயப் பீடத்திலேயே வீற்றிருக்கிறது.

ஜனவரி முதல் நாள் இறைவனின் தாய்க்குப் பெருவிழா எடுக்கும் நாம், உண்மையைத் தெளிவாய்ச் சொல்வோம். கேட்பவரின் மனம் நோகாமலும் சொல்வோம். தாயின் பெயரால் பிள்ளைகள் பிரிந்து நிற்பது, எத்தாய்க்கும் மகிழ்ச்சியாகாது.