சிக்கனம் தெரியாதவர்கள் யார்?

‘வன்னிப் பெண்களுக்குச் சிக்கனம் தெரியாது, அதனால்தான் நுண்கடனில் மூழ்கினார்கள்’ என்கிறார் நண்பர். வட்டக்கச்சியில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்கும் வீடுகளை அவர் பார்த்ததில்லை போலும்.

கணக்கைப் பார்ப்போம். 50,000 ரூபாய்க் கடன், ‘24 வீத வட்டிதான்’ என்பார்கள். 52 கிழமையில் 62,000 கட்டவேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 1,192. முதல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. ஆகவே உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். படித்தவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

அதைவிடப் பெரிய பிழை தவணையில். காலபோக நெல் வெட்டுவது மாசி, பங்குனியில். கடன்காரரோ எடுத்த மறுகிழமையே படலையில் நிற்பார். வயல் கதிர் தள்ளுமுன் எதைக் கொடுப்பது? இன்னொரு கடனைத்தான். குழுவாக எடுத்த கடனில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். கடனோடு அயலும் கெடும்.

சிக்கனக் குறைதான் காரணமென்றால், 2018இல் வறட்சி கண்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்வரையான நுண்கடனை அரசு ஏன் தள்ளுபடி செய்தது?

சேமிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் போடுங்கள். அங்கே கடன் எடுத்தாலும் அறுவடைக்குப் பிறகு கட்டலாமா என்று முதலில் கேளுங்கள். கையெழுத்துக்கு முன், மொத்தம் எவ்வளவு திருப்பவேண்டும் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பேனாவை மூடிவிட்டு எழும்பி வாருங்கள்.