ஒரு பள்ளிக்கு இரண்டு பதிவேடா?



ஓய்வு பெற்றபின் வாத்தியார் லினக்ஸ் படிப்பது உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்த பழைய மாணவன் ஒருவன், இன்று சர்வர் பராமரிப்பவன், "விர்ச்சுவல் மெஷினுக்கு எந்த பிராசசர் பெயர் கொடுத்தால் என்ன சார்? ஹோஸ்ட்-பாஸ்த்ரூ போட்டுவிட்டுப் போங்கள்" என்றான். அன்று சிரித்தேன். இன்று பதில் சொல்கிறேன்.

தம்பி, நீ சொன்னபடியே செய்தேன். மருமகனின் புதுக் கணினியில் ஓடிய விர்ச்சுவல் மெஷினை அப்படியே உறங்க வைத்து, என் பழைய கணினியில் எழுப்பினேன். எழவே இல்லை. புதியதில் இருந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் பழையதில் இல்லை. பேத்திக்காகப் பாதி தட்டிய கணக்குப் பயிற்சித்தாள் போயே போயிற்று.

ஒரே கணினியில் கிடப்பதற்கு பாஸ்த்ரூ சரிதான். இடம் மாற வேண்டுமானால் மாற்றுச் சான்றிதழ் போல நிலையான பெயர் வேண்டும். 'ஹாஸ்வெல்' என்று பெயர் கொடுத்தால், இன்னின்ன கட்டளைகள் உண்டு என்று உள்ளே ஓடும் ஓஎஸ்ஸுக்கு வாக்குக் கொடுத்ததாகப் பொருள்.

2014 ஆகஸ்டில் என்ன நடந்தது? டிஎஸ்எக்ஸ் வசதியில் பிழை என்று சொல்லி, இன்டெல் அதை ஹாஸ்வெல் பிராசசர்களில் மைக்ரோகோட் மூலம் முடக்கியது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு! 2015இல் கியூஎம்யூ 'ஹாஸ்வெல்-நோடிஎஸ்எக்ஸ்' என்று தனிப் பெயரே சேர்த்தது. 2018இல் ஸ்பெக்டர் ஓட்டை வெளிவந்தபோதும் புதுப் பெயர்கள் வந்தன. 2019இல் வந்த 4.1 பதிப்பில் மாடல்களுக்கு வி1, வி2 என்று எண்ணே கொடுத்தார்கள். அதுதான் முறை. கொடுத்த வாக்கைச் சத்தமில்லாமல் திருத்தக்கூடாது. திருத்தம் வேண்டுமென்றால் புது எண் கொடு.

என் சண்டை அடுத்த மாடியோடு. மேலே இருக்கும் லிப்விர்ட்டும் அதே மாடல்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு பள்ளிக்கு இரண்டு வருகைப் பதிவேடு வைத்தால் என்ன ஆகும்? என்றாவது ஒரு நாள் இரண்டும் ஒத்துப்போகாது. அன்று தவிப்பவன் பிள்ளைதான், தலைமை ஆசிரியர் அல்ல.

"லிப்விர்ட் பல ஹைப்பர்வைசர்களுக்குப் பொது, அதற்கென்று பட்டியல் வேண்டாமா?" என்பாய். வைக்கட்டும். ஆனால் அது நகலாக இருக்கட்டும், மூலமாக வேண்டாம். இந்தக் கணினியில் எந்த மாடல் ஓடும், எது இல்லை என்று கேட்டால் கியூஎம்யூவே சொல்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன கௌரவக் குறைவு?

தவறிருந்தால் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள், விடை மட்டும் எழுதினால் அன்றும் மதிப்பெண் தந்ததில்லை, இன்றும் தரமாட்டேன்.