ராக் பீச்சுக்கு ராக் எங்கிருந்து வந்தது?

போன மாசம் என் கிளாஸ்மேட்டோட அக்கா குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தது. சாயங்காலம் எல்லோரும் பீச் ரோட்டுக்குப் போனோம். காந்தி சிலை, பழைய லைட் ஹவுஸ், போட்டோ, சுண்டல் எல்லாம் ஆச்சு. அக்கா பையன் ஐந்தாவது படிக்கிறான். கரை ஓரமாகக் கிடந்த கருங்கல்லைக் காட்டி, "மாமா, இந்தப் பாறையெல்லாம் கடல்ல இருந்து வந்துச்சா?" என்று கேட்டான். என் நண்பன் பாண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன், பி.எஸ்சி. மூன்றாம் வருஷம். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "ஆமாண்டா, அதனாலதான் இதுக்கு ராக் பீச்னு பேரு."

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. (இதை அவனும் படிப்பான். படிக்கட்டும்!)

அது கடலிலிருந்து வந்த பாறை இல்லை. குவாரியில் வெடி வைத்து உடைத்து லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய கல். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே அங்கே ஒரு மதில் இருந்தது உண்மைதான். ஆனால் மதிலுக்கு முன்னால் மணலும் இருந்தது. எங்க தாத்தா அந்த மணலில்தான் கபடி ஆடியிருக்கிறார். கட்டுமரம் ஏற்றி வைத்ததும், கரைவலை இழுத்ததும், மீன் காயப்போட்டதும் அங்கேதான். உப்பளத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் இதைச் சொல்லும்போது ஏதோ கதை விடுகிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்த மணல் எங்கே போனது? ஒரு தலைமுறைக்குள் ஒரு ஊர் தன் கடற்கரையைத் தொலைத்திருக்கிறது. அந்த ஊரில் படித்த பிள்ளைகளுக்கு அது தொலைந்ததே தெரியவில்லை. என் கோபம் இதன் மேல்தான்.

விஷயம் இதுதான். நம்ம கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, நடக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து அலை கரையில் சாய்வாக வந்து மோதுகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாக ஏற்றுகிறது, இறங்கும்போது நேராக இழுத்துக்கொண்டு இறங்குகிறது. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அதாவது வாடைக் காற்று அடிக்கும் காலத்தில், கொஞ்சம் தெற்கே திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு வடக்குப் பக்கம்தான். வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தாலும், ஒரு லட்சம் கன மீட்டருக்குப் பத்தாயிரம் லாரி!

இந்த மணல் ஊர்வலத்துக்குக் குறுக்கே 1986 முதல் 1989 வரை நாம் சுவர் கட்டினோம். உப்பளத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். தெற்கிலிருந்து வந்த மணல் வீராம்பட்டினம் பக்கம் நின்றுவிட்டது. வடக்கே அலை மட்டும் வந்தது, மணல் வரவில்லை. அலை சும்மா இருக்குமா? இருக்கிற மணலை எடுத்துக்கொண்டு போனது. முதலில் பீச் ரோடு, பிறகு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். எங்கே அரித்ததோ அங்கே கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பித்தது, அதற்கு அடுத்த ஊர் மாட்டிக்கொண்டது. அரிப்பு மாநில எல்லையையும் தாண்டி தமிழ்நாட்டுக்குள் போனது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கட்டியது புதுச்சேரி, வீடு போனது விழுப்புரம் மாவட்டத்து மீனவருக்கு. மணலுக்கு செக்போஸ்ட் தெரியாதே.

"2004 சுனாமியில் அந்தக் கல்தானே ஊரைக் காப்பாற்றியது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கல்லும் மதிலும் இருந்ததால் டவுன் தப்பித்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவைக் காப்பாற்ற அடுத்த குப்பத்தை அரிக்க விடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு கூத்து கேளுங்கள். தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீனவர்கள், முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டு படகு தரை தட்டுகிறது, தூர் வாருங்கள் என்று வருஷா வருஷம் போராடுகிறார்கள். அங்கே மணல் அதிகமாகிப் பிரச்சனை. இரண்டு மூன்று கிலோமீட்டர் வடக்கே மணல் இல்லாமல் பிரச்சனை. ரெண்டும் ஒரே மணல் சார்!

இது யாருக்கும் முன்னாடியே தெரியாதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. தெரியும். நன்றாகவே தெரியும். 1870களில் மெட்ராஸில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைக்கு நாம் பார்க்கிற அகலமான மெரினா உண்டானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது, அங்கேயும் கல் சுவர். அதே கடல், அதே மணல், நூறு வருஷம் முன்னால், பஸ்ஸில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். சரி, அதை விடுங்கள். நம்ம துறைமுகத் திட்டத்திலேயே தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தோண்டும் மணலை ஊர்க் கடற்கரைக்குக் கொடுக்கிறார்கள். இங்கே சுவரை மட்டும் கட்டினார்கள், மணல் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை.

அப்படியானால் படித்தவன் இல்லாததல்ல குறை. படித்தவன் எழுதியது ஃபைலில் இருந்தது. அதை எடுத்து வைத்து "மணல் எங்கேப்பா?" என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. கேட்டவர்கள் மீனவர்கள்தான். அவர்கள் சொன்னால் யார் காது கொடுத்தார்கள்? பின்னாளில் பாண்டிகேன் மாதிரி அமைப்புகள் வந்து பேச ஆரம்பிப்பதற்குள் கல் கொட்டி முடித்தாயிற்று.

கடல் படிப்பு என்றாலே நம் ஆட்களுக்கு ஆழ்கடலும் நீர்மூழ்கியும்தான் ஞாபகம் வரும். 2025 ஆகஸ்டில் நம் நாட்டுக்காரர் ஒருவர் நாட்டீல் என்ற பிரெஞ்சு நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் 5,002 மீட்டர் ஆழம் போய் வந்தார். சந்தோஷம், கை தட்டுவோம். ஆனால் என் ஊரைத் தின்றது ஐயாயிரம் மீட்டர் ஆழம் இல்லை, ஐந்து மீட்டர் ஆழம். அதைப் பற்றி என் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடத்தில் வளைகுடா நீரோட்டம், லாப்ரடார் நீரோட்டம் எல்லாம் மனப்பாடம் செய்தேன். லாப்ரடார் எந்தப் பக்கம் என்று இப்போது கேட்டால் முழிப்பேன், அது வேறு விஷயம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எந்த சாரும் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். காலாப்பட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலேயே பிள்ளைச்சாவடியில் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. அதன் கடல் ஆய்வு, கடல் உயிரியல் துறை எங்கே இருக்கிறது தெரியுமா? அந்தமானில், போர்ட் பிளேரில்! (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) அங்கே பவளப்பாறை இருக்கிறது, படிக்க அருமையான இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கரைக்கும் ஒன்று வேண்டாமா? இங்கே இருப்பவன் கடல் படிக்க வங்காள விரிகுடாவைத் தாண்டணும், இல்லை தெற்கே பரங்கிப்பேட்டைக்குப் போகணும். நான் பரங்கிப்பேட்டைக்கு அப்ளிகேஷன் போடுகிறேன் என்றதும் வீட்டில் பெரியப்பா கேட்டது: "மீன் பிடிக்கிறதுக்கா எம்.எஸ்சி.?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அப்படித்தான் கேட்கிறது.

படிப்பு என்றால் டிகிரி மட்டும் இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். இந்தோனேசியாவில் சிமெயுலு என்று ஒரு தீவு. 2004 பூகம்ப மையத்துக்கு மிக அருகில் இருந்தது. சுமார் 78,000 பேரில் சுனாமியில் இறந்தவர்கள் ஏழு பேர். காரணம் ஒரு சொல்: ஸ்மாங். 1907-ல் அங்கே வந்த பேரலைக்கு அவர்கள் வைத்த பெயர். நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிகள் பேரன்களுக்குச் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறார்கள். இங்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். சுனாமி என்ற வார்த்தையையே நாம் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம்.

தெரிந்து செய்தால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே பார்த்தோம். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் ஆப்பு வடிவில் ஒரு தடுப்பை 2018-ல் இறக்கினார்கள், மணலும் கொட்டினார்கள். கொஞ்ச நாளில் பீச் ரோட்டில் மணல் திரும்பியது. எங்க தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடந்தார், ஒன்றும் பேசவில்லை. ஆனால் வடக்கே இருக்கிற குப்பங்களுக்கு அந்த வைத்தியம் போய்ச் சேரவில்லை. அங்கே இன்னும் கல்தான். கரைவலை இழுக்க இடமில்லை, பங்குனி ஆமை முட்டையிட ஏறி வந்தால் கல்லில் முட்டிக்கொண்டு திரும்பும்.

அதனால் கிளாஸ்மேட்டுகளே, ஒரு சின்ன வேலை. வம்பாகீரப்பாளையத்திலிருந்து (2022 மார்ச்சில் பழைய பாலம் ஒரு பகுதி விழுந்ததே, அங்கிருந்து) வைத்திக்குப்பம் வரை நடந்து, நூறு அடிக்கு ஒரு இடத்தில் மணல் எத்தனை அடி அகலம் என்று அளந்து நோட்டில் எழுதப் போகிறேன். மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரு வருஷம். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பம். ராக் பீச் மேதாவி வருவதாகச் சொல்லிவிட்டான், டேப்பின் மறுமுனையை அவன்தான் பிடிக்கணும் :-) இன்னும் இரண்டு பேர் வந்தால் போதும்.